வஜ்ரகிரியும் அடைபட்ட வழியும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழுவினர், வடகொரியாவிலுள்ள கும்காங் மலையை மனித குலம் முழுவதற்கும் உரிய செல்வங்களின் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டனர். இயற்கை எழிலுக்காக மட்டுமன்றி, அம்மலையிலுள்ள பௌத்த சமயச் சின்னங்களுக்காகவும் இக்கௌரவம் அளிக்கப்பட்டது. அதே வருஷம் பிப்ரவரி மாதத்தில், அம்மலையின் அடிவாரத்தில் பிரிந்த குடும்பத்தினர் ஒருவரையொருவர் காண்பதற்காகக் கட்டியிருந்த மண்டபத்தை வடகொரிய அதிகாரிகள் இடித்து வருகிறார்களென்று தென்கொரிய சர்க்கார் அறிவித்தனர். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தாலன்றி அம்மலையின் இன்றைய நிலை விளங்காது. உலகம் முழுவதற்கும் சொந்தமென்று முரசறையப்பட்ட மலை, அதனைத் தாய்வீடாகக் கருதும் ஜனங்களில் பெரும்பாலோர்க்கு அடைபட்டுக் கிடக்கிறது.

கும்காங் என்பது வஜ்ரம் என்னும் நம் நாட்டுச் சொல்லின் மொழிபெயர்ப்பேயாகும். கடலில் வஜ்ரம் என்னும் பெயருள்ள ஓரிடத்தில் தர்மோத்கதர் என்னும் போதிசத்துவர் தம் பரிவாரத்துடன் வீற்றிருந்து அறமுரைக்கின்றார் என்று அவதம்ஸக சூத்திரம் என்னும் மஹாயான நூல் கூறும். தம் கீழ்க்கடலோரத்தில் எழுந்து நிற்கும் இம்மலையே அந்த ஸ்தலமெனக் கொரியர் துணிந்தனர். அவர்கள் அதற்கு ஒரு பெயர் போதாதென்று கருதியவர்கள் போலும்! வசந்த காலத்தில் மாத்திரமே அது கும்காங். கோடையில் பசுமை மூடியபொழுது, சித்தர்கள் வாழும் தீவின் பெயரால் பொங்னே என்பர். இலைகள் செம்மை பூண்ட காலத்தில் புங்காக். இலையெல்லாம் உதிர்ந்து பாறையின் எலும்புக்கூடு மாத்திரம் தோன்றும் குளிர்காலத்தில் கேகோல்.

அதன் மிக உயர்ந்த சிகரம் சுமார் 5,370 அடி. நமது தொட்டபெட்டாவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. எனினும் உயரம் அதன் பெருமையன்று. கருங்கல் முழுவதும் மழையாலும் உறைபனியாலும் காற்றாலும் பிளவுண்டு, தூண்களாகவும் கோபுரங்களாகவும் ஈட்டிகளாகவும் நிற்கின்றது. பன்னீராயிரம் சிகரங்கள் என்பது அந்நாட்டு வழக்கு. எண்ணிச் சொன்ன கணக்கன்று. உச்சிச் சிகரத்தின் பெயர் பீரோ. வைரோசனர் என்னும் புத்தரின் திருநாமமே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்து வழங்குகின்றது. உள்மலை, வெளிமலை, கடல்மலை என மூன்று பகுதிகளாக அதனைப் பிரிப்பர். உள்மலையில் ஓடைகளும் விஹாரங்களும் மிகுதி. வெளிமலையில் 240 அடி உயரத்திலிருந்து வீழும் ஒன்பது நாகங்களின் அருவி உண்டு. கடல்மலையிலோ பாறைகள் அலைகளுக்கிடையே இறங்கி நிற்கின்றன. மலையும் கடலும் இவ்வளவு நெருங்கி உறவாடும் இடங்கள் உலகில் அதிகமில்லை.

உள்மலையில் முயோகில்சாங் என்றோர் இடம். அங்கே கோர்யோ அரசர் காலத்தில் செங்குத்தான பாறையொன்றில் ஏறக்குறைய 50 அடி உயரத்தில் அமர்ந்த கோலத்துப் புத்தர் உருவம் செதுக்கப்பட்டது. அவ்விடத்தின் பெயருக்கு மஞ்ஜுஸ்ரீ என்பது பொருள். சற்றுத் தொலைவில் போதொக் என்னும் சிறு ஆசிரமம், மலைச்சரிவிலே பாதி பாறையைப் பற்றியும் பாதி அந்தரத்திலுமாக ஒரு செப்புத் தூணை ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கின்றது. 1675-ஆம் வருஷத்தில் கட்டியது, இன்றும் விழவில்லை.

இம்மலைக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு கதையளவில் மிகத் தொன்மையானது. யூஜொம் விஹாரத்தின் தலபுராணத்தின்படி, 53 புத்தர் திருவுருவங்கள் பாரத நாட்டில் வார்க்கப்பட்டுக் கடலில் மிதந்து இக்கரை சேர்ந்தனவாம். அங்கிருந்த குளத்தில் வாழ்ந்த ஒன்பது நாகங்கள் எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, மேற்சொன்ன அருவியின் மடுவில் போய்ப் புகுந்தனவாம். இது கி.பி. 4-ஆம் வருஷத்தில் நிகழ்ந்ததென்பர். கொரிய மண்ணில் பௌத்தம் நுழைந்ததோ 372-இல்! ஆகையால் இதனைச் சரித்திரமாகக் கொள்ளல் இயலாது. கொரியர் தம் தெய்வங்களை நம் திசையிலிருந்து வந்தனவாகக் கருதினர் என்பதற்கே இக்கதை சான்று.

சரித்திரமாகவே கொள்ளத்தக்க செய்தியும் உண்டு. மகத நாட்டு அரச குடும்பத்தில் பிறந்தவரென்று சரிதம் கூறும் தியானபத்திரர் என்னும் துறவி, நாளந்தாவில் கற்று, பல நாடுகளைக் கடந்து சீனம் சென்று, 1326-ஆம் வருஷத்தில் கொரியாவில் கால்வைத்தார். அவர் வந்ததன் நோக்கம் இவ்வஜ்ரகிரியைத் தரிசித்துத் தர்மோத்கதரை வணங்குவதே. கொரியர் அவரை ஜிகோங் என்று வழங்கி இன்றும் போற்றுகின்றனர். அவருக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பு, ஹியெசோ என்னும் கொரிய இளைஞர் நம் நாட்டு ஸ்தலங்களையெல்லாம் நடந்தே கண்டு குறிப்பெழுதி வைத்தார். அவருடைய ஆசிரியர் தென்னாட்டிலிருந்து கப்பலேறிச் சீனம் சென்ற வஜ்ரபோதி. அக்காலத்தில் கடலும் பாலைவனமும் மறிக்காத வழியை இன்று நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வேலிப்பட்டி மறித்துவிட்டது.

கும்காங் மலை தவசிகளின் மலை மாத்திரமன்று, தோற்றவர்களின் மலையுமாகும். 935-இல் சில்லா ராஜ்யத்தின் கடைசி மன்னர் போரின்றிச் சரணடையத் தீர்மானித்தபொழுது, பட்டத்து இளவரசர் அதற்கு உடன்படாது, சணல் உடை தரித்து, இம்மலையிற் புகுந்து, இலையும் வேரும் உண்டு காலங்கழித்தார். அவர் பெயரைக்கூட ஜனங்கள் மறந்துவிட்டனர். சணலுடை இளவரசர் என்ற பட்டத்தை மறக்கவில்லை.

பின்வந்த சோஸன் வம்சத்தார் கன்பூசிய நெறியினர். பௌத்தத் துறவியர் தலைநகருக்குள் நுழைதலே குற்றமாயிற்று. மலையெழில் காண வந்த பிரபுக்கள் அத்துறவியரையே பல்லக்குத் தூக்கச் செய்து, சிகரங்களுக்கு ஏறி, கவி பாடி, பாறைகளில் தம் பெயரை வெட்டுவித்துச் சென்றனர். ஆயினும் 1592-இல் ஹிதேயோஷியின் ஜப்பானியப் படைகள் நாட்டைச் சூறையாடிய காலத்தில், ஆயுதமெடுத்து மக்களைக் காக்க முன்வந்தவர்களில் இப்பல்லக்குத் தூக்கிகளும் இருந்தனர். எழுபது வயதைக் கடந்த ஸோசான் அடிகளின் அழைப்பைக் கேட்டு விஹாரந்தோறும் துறவிப் படைகள் திரண்டன. அவருடைய சீடர் ஸாமியோங் கும்காங் மலைப் பிராந்தியத்திலிருந்து படை நடத்தியவர். யுத்தம் முடிந்தபின் ஜப்பானுக்குத் தூது சென்று, இயேயாசுவை நேரிற் கண்டு, ஆயிரக்கணக்கான கைதிகளை மீட்டுவந்தவரும் அவரே. தன்னை இழிவுசெய்த அரசுக்காக அல்ல, தன்னைப் பெற்ற நாட்டுக்காகப் போராடுவது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் நாம் எங்கே தேடுவது?

1910-இல் கொரியா ஜப்பானியருக்கு அடிமைப்பட்டது. புதிய எஜமானர்கள் மலையின் அழகை அறியாதவர்களல்லர். அதனை விற்கவும் அறிந்திருந்தனர். சொர்வொன் என்னும் ஊரிலிருந்து உள்மலை வரை சுமார் 116 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சார ரயில்பாதை போட்டு 1931-இல் முடித்தனர். ஆனால் 1944-இல் யுத்தத்துக்கு இரும்பு தேவைப்பட்டதும் மலையை ஒட்டிய பகுதியின் தண்டவாளங்களையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போயினர். அந்நிய ஆட்சியார் செய்யும் ‘நாட்டு முன்னேற்றம்’ எதற்காக என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிறிய விஷயம். கொரியாவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத ஊதாநிற மணிப்பூ ஒன்று இம்மலைகளில் பூக்கின்றது. கொரிய ஜனங்கள் அதற்குக் கும்காங் மலையின் பெயரையே இட்டு, மலைவிளக்கு என்ற கருத்துப்பட வழங்குகின்றனர். ஜப்பானியத் தாவர சாஸ்திரி நகாய் என்பவரோ, கொரியாவில் முதன்முதல் ஜப்பானிய மந்திரியாக அமர்ந்த ஹனபூசா என்பாரின் பெயரை அதன் சாஸ்திரப் பெயராக்கினார். சாஸ்திரீய விதிப்படி முந்திய பெயரே நிலைக்குமாதலால், நாடு விடுதலை பெற்றும் அம்மலர் விடுதலை பெறவில்லை. வடகொரியப் புலவர்கள் கும்காங் பெயராலேயே அதற்குப் புதுப்பெயர் சூட்டியும், உலகத்தார் அதனை ஏற்கவில்லை. அப்பூ எல்லைக்கு இருபுறமும் பூக்கின்றது.

1945-இல் ஜப்பானியர் வெளியேறினர். ஒரு தேசப்படத்தில் 38-ஆம் ரேகையை ஒட்டி அந்நியர் இருவர் கோடு கிழித்தனர். மலை வடக்கே போயிற்று. 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தில் மலையின் நான்கு பெரிய விஹாரங்களில் மூன்று அழிந்தன. சீனப் பேரரசியாக விளங்கிய கொரியப் பெண்மணி கீ என்பவர் 14-ஆம் நூற்றாண்டில் பொருளுதவி செய்து புதுப்பித்த ஜங்கான் விஹாரம் போயிற்று; 53 திருவுருவங்களை வைத்திருந்த யூஜொம் போயிற்று; சிங்யே விஹாரத்தில் ஒரு கல்தூபி மாத்திரம் மிஞ்சியது. ப்யோஹூன் ஒன்றே இன்றும் பழைய கோலத்தில் நிற்கின்றது. அமெரிக்க விமானக் குண்டுகளே இதற்குக் காரணமென்பது வடவர் கூறும் குற்றச்சாட்டு. யுத்தம் தொடங்கியவர் யார் என்னும் கேள்விக்கு அவர்கள் கூறும் விடை வேறுவிதமாயிருப்பதும் தெரிந்ததே. புத்தரின் திருவுருவங்கள் இருதரத்தாரிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கேட்க அவை இல்லை.

அந்த யுத்தத்தை நிறுத்தியதில் நம் நாட்டுக்குப் பங்குண்டு என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். யுத்தக் கைதிகளைத் திருப்பியனுப்பும் பிரச்னையில் சமரசத் திட்டம் வகுத்தது இந்தியா. 1953-இல் நடுநிலை நாடுகளின் கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் ஜெனரல் திம்மய்யா. ஜெனரல் தோரட்டின் கீழ் நம் சிப்பாய்கள் சுமார் ஆறாயிரம்பேர் கைதிகளைக் காவல் காத்தனர். தென்கொரிய ஜனாதிபதி ஸிங்மன் ரீ, இந்தியர் தம் மண்ணை மிதிக்கக்கூடாதென்று பிடிவாதம் செய்ததால், அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச்சென்று எல்லைப் பட்டியிலேயே இறக்கவேண்டியதாயிற்று. எந்தக் கொரியாவுக்கும் போக மறுத்த கைதிகள் சிலர் 1954-இல் நம் சிப்பாய்களுடன் கப்பலேறி இந்தியாவுக்கே வந்து சேர்ந்தனர்.

தெற்கே வாழ்ந்தவர்களுக்கு அதன்பின் அம்மலை பாட்டாகவும் படமாகவும் ஆயிற்று. 1734-இல் சொங் ஸொன் என்னும் ஓவியர் பன்னீராயிரம் சிகரங்களையும் ஒரே தாமரை போலத் திரட்டி வரைந்த புகழ்பெற்ற சித்திரம் தென்கொரியாவின் தேசியப் பொக்கிஷமாயிருக்கிறது. சித்திரம் ஒருபுறம், மலை மறுபுறம்!

இந்நிலையில் 1998-ஆம் வருஷத்தில் அதிசயமொன்று நிகழ்ந்தது. ஹ்யூண்டாய் வியாபார ஸ்தாபனத்தை நிறுவிய சுங் ஜூ யுங் கும்காங் மலைக்கு அணித்தான வடபுலக் கிராமத்தில் பிறந்தவர். இளமையில் தந்தை மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர். அவர் தம் முதுமையில், அக்கடனைத் தீர்ப்பதாகச் சொல்லி, லாரிகளில் 1,001 மாடுகளை ஏற்றி இருமுறையாக எல்லை கடந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அவ்வருஷம் நவம்பரில் தென்னாட்டு யாத்திரிகர் முதற்கப்பல் கும்காங் சென்றது. 2003 முதல் தரைவழியும் திறந்தது. பத்து வருஷத்துக்குள் 19 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் மலையைக் கண்டனர். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மிதப்பதற்காகக் கட்டப்பட்டு, ஸைகோன் நகருக்குப் போய், எங்கும் லாபங் காணாத மிதக்கும் ஹோட்டல் ஒன்றுகூட இங்கே வந்து யாத்திரிகரை உபசரித்தது.

அதனினும் பெரிய காரியம் சிங்யே விஹாரத் திருப்பணி. தென்னாட்டு ஜோக்யெ சங்கத்தாரும் வடநாட்டுப் பௌத்தரும் கூடி 2004-இல் தொடங்கி 2007-இல் அதனை முடித்தனர். தெற்கிலிருந்து வந்த துறவி ஒருவர் அவ்வருஷங்களில் அங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார். அரை நூற்றாண்டாகப் பகைத்த இரு சர்க்கார்களின் கீழ் வாழும் ஒரே ஜனங்கள், ஒரே உத்தரத்தை இருமுனையிலும் பிடித்துத் தூக்கினர். அடிவாரத்திலோ, பிரிந்த குடும்பத்தினர் சந்திப்புகள் நடந்தன. ஐம்பது, அறுபது வருஷம் கழித்து மகனைக் காணும் தாய்க்கு அளிக்கப்பட்டது மூன்று நாள். அதிலும் சேர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் அரைநாளுக்கு மேல் இராது. மறுமுறை சந்திப்பு என்பது விதியில் இல்லை.

2008-ஆம் வருஷம் ஜூலை 11-ஆம் தேதி அதிகாலையில் கடற்கரையில் உலாவச்சென்ற தென்னாட்டு மாது ஒருவரை வடகொரியச் சிப்பாய் சுட்டுக் கொன்றான். ராணுவ எல்லைக்குள் நுழைந்தாரென்பது வடவர் வாதம். கூட்டு விசாரணைக்கு அவர்கள் இணங்கவில்லை. ஒரு தரப்பாரே குற்றஞ்சாட்டப்பட்டவரும் சாக்ஷியும் நீதிபதியுமாக நிற்கும் விசாரணையை எந்த நியாயஸ்தலம் ஒப்பும்? யாத்திரை அன்றே நின்றது. 2010-இல் தென்னவர் கட்டிடங்கள் சில பறிமுதல் செய்யப்பட்டன. 2018 ஆகஸ்டில் ஒருமுறை குடும்பங்கள் கூடியதே கடைசி. 2019-இல் தென்னவர் கட்டிய கட்டிடங்களை அகற்றும்படி கிம் ஜோங் உன் கட்டளையிட்டார். மிதக்கும் ஹோட்டலும் 2022-இல் உடைக்கப்பட்டது. இரு கொரியாக்களும் ஒரே தேசம் என்னும் கொள்கையையே 2024 ஜனவரியில் அவர் கைவிட்டதாக அறிவித்தார். அவ்வருஷம் அக்டோபரில், யாத்திரிகர் சென்ற கீழ்க்கடலோரச் சாலை எல்லையருகே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

யாத்திரிகர் செலுத்திய கட்டணம் வடவரின் ஆயுதச்சாலைகளுக்குத்தானே போயிற்று என்று தெற்கே ஒரு கட்சியார் கேட்கின்றனர். இது அற்பமான ஆக்ஷேபமன்று. 2000-ஆம் வருஷத்து உச்சி மகாநாட்டுக்கு முன் ரகசியமாகப் பெருந்தொகை வடக்கே சென்ற விஷயம் பின்னர் நியாயஸ்தலம் வரை வந்தது. வியாபாரியை முன்னிட்டு ராஜதந்திரம் செய்தால் விளைவது இதுவே. மலையைக் காண்பதற்கு விலை வைத்த முறை தவறு என்பதை ஒப்புகிறோம். ஆனால் விலை வாங்கியது தவறென்றால் வழியை அடைத்தது எவ்வாறு சரியாகும்?

வடவர் மலையைப் பேணவில்லையென்று சொல்வது நியாயமாகாது. காடுகளைக் காத்தனர், ப்யோஹூனையும் போதொக்கையும் விழாமல் நிறுத்தினர். ஆனால் பழைய பிரபுக்கள் பெயர் வெட்டிய பாறைகளில் தங்கள் தலைவரின் துதிகளைப் பேரெழுத்துக்களில் வெட்டவும் அவர்கள் தயங்கவில்லை. பல்லக்கில் வந்தவர்களின் வழக்கம், பல்லக்கை ஒழித்ததாகச் சொல்பவர்களிடமும் போகவில்லை.

இப்போது உலக ஜாபிதாவைப் பற்றி. 1972-ஆம் வருஷத்து உடன்படிக்கை, இத்தகைய இடங்களை மனித குலம் அனைத்தின் உடைமையெனப் பேசுகின்றது. சட்டத்தின் சொல்லைச் சட்டத்தின் பொருளாகவே கொள்வது வக்கீல்களின் வழக்கம். மனித குலம் அனைத்தும் என்னும் சொல்லில், மலையிலிருந்து ஒருநாள் வழிகூட இல்லாத தூரத்தில் வாழும் ஐந்து கோடி ஜனங்கள் அடங்குவரா, மாட்டார்களா? சந்திப்புக்குப் பெயர் கொடுத்த தென்னவர் 1,30,000-க்கு மேற்பட்டோர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அதிகமானோர் காத்திருந்தே மாண்டனர். பாறைகளின் பாதுகாப்பைக் குறித்து அறிக்கை கேட்கும் குழுவினர், பாறைகளை வணங்க வருவோரைக் குறித்தும் ஒரு கேள்வி கேட்பது முறையேயாம்.

இதில் நமக்கென்ன என்று நேயர் வினவலாம். பியோங்யாங்கிலும் சியோலிலும் தூதராலயம் வைத்திருக்கும் நாடுகள் உலகில் சிலவே; இந்தியா அவற்றுள் ஒன்று. பியோங்யாங்கில் மூடிக்கிடந்த நம் தூதராலயத்துக்கு 2024 டிசம்பரில் அதிகாரிகள் மீண்டும் சென்றனர். கும்காங் மலையை ஏற்றுக்கொண்ட கூட்டத்தில் நம் நாடும் அங்கத்தினராய் அமர்ந்திருந்தது. பகைவரிடையே யாத்திரிகருக்கு மட்டும் வழிவிடுவது நாம் அறியாத முறையுமன்று. 2019-இல் பாகிஸ்தானத்துக் கர்த்தார்பூருக்கு அத்தகைய வழியொன்று திறக்கப்பட்டது. 2025 மே மாதச் சண்டையில் அது மூடப்பட்டதும் உண்மையே. மூடப்படக்கூடும் என்பதற்காக அதனைத் திறந்திருக்கக்கூடாதென்று எந்தச் சீக்கியர் சொல்வார்?

சுற்றுலாவும் ஹோட்டல்களும் இப்போது வேண்டாம். அவற்றால் வந்த வினையைக் கண்டோம். வைகாசிப் பௌர்ணமியன்று இருநாட்டுத் துறவியரில் ஒரு சிலர், கட்டணம் ஏதுமின்றி, தாங்கள் கூடிக் கட்டிய சிங்யே விஹாரத்தில் ஒருநாள் சேர்ந்து வழிபட அனுமதி வேண்டும். அவர்களுடன் போதகயையிலிருந்து ஒரு துறவியும் செல்லட்டும். வடவர் மறுக்கக்கூடும். முதல்முறை கேட்டவுடன் இணங்குவார்களென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தியானபத்திரர் அம்மலையை மிதித்து 2026-ஆம் வருஷத்தோடு 700 வருஷம் நிறைவதை முன்னிட்டு, இக்கோரிக்கையை டில்லி சர்க்கார் இரு தலைநகரங்களுக்கும் எழுத்து மூலமாகவே அனுப்பலாம்.